பூமலரின் நாலாம் சரணம்

கண்ணைத் திறக்கவேண்டாம் அம்மா என்று நேர்ஸ் பிள்ளை சொல்லிவிட்டுப் போய்விட்டது, மருந்து விட்டிருக்கிறதாம், கருமணி நன்றாக விரியவேண்டுமாம், விரிந்த பிறகுதான் உள்ளே கூப்பிடுவார்களாம், அதுவரைக்கும் இமையை மூடிக்கொண்டு இந்தப் பிளாஸ்டிக் கதிரையில் இருக்கவேண்டும், இருக்கிறேன், வேறென்ன செய்ய. மூடிய கண்ணுக்குள் இருட்டு இல்லை, ஒரு செம்மஞ்சள் நிறம், யன்னல் வலப்பக்கம் இருக்கிறது போல, வெயில் அந்தப் பக்கத்து இமையில் சுடுகிறது. கண்புரையைக் கத்தியால் எடுப்பார்களா ஊசியால் எடுப்பார்களா என்று நான் கேட்கவில்லை, கேட்டால் பயம் கூடும் என்று நினைத்தேன், கேட்காததால் குறையவும் இல்லை. நளா என் இடது கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். என் தங்கச்சி நளாயினி, என்னைவிட ஐந்து வயது இளையவள், புருஷன் செத்து மகனும் பிரான்சுக்குப் போன பிறகு என்னோடு வந்து இருக்கிறாள், அல்லது நான்தான் அவளோடு இருக்கிறேன், வீடு அம்மா இரண்டு பேருக்கும் விட்டுப்போனது, யார் யாரோடு என்று நாங்கள் யோசித்ததில்லை. பெருவிரலால் என் விரல் கணுவைத் தடவிக்கொண்டே இருக்கிறாள். காலையில் எனக்குச் சேலை உடுத்திவிட்டது அவள், ஓட்டோக்காரனிடம் குழி பார்த்து ஓட்டச் சொன்னது அவள், மருந்துக்குப் பயந்து நான் தலையைத் திருப்பியபோது நாடியைப் பிடித்து நிமிர்த்தியதும் அவள். பார்வை மங்கிய இந்த இரண்டு வருஷமும் நான் உலகத்தை நளாவின் வாயால்தான் பார்த்தேன். அக்கா, முருங்கை பூத்திருக்குது. அக்கா, படலையடியில பக்கத்து வீட்டுப் பூனை. அவள் சொன்னால் பூத்திருக்கும், அவள் சொன்னால் பூனை இருக்கும்.

யாரோ ஒரு பிள்ளை, வலப்பக்கத்துக் கதிரையில், போனில் பாட்டுப் போடுகிறாள். கிற்றார். ஒரு கம்பியைத் தட்டிவிட்டு அது அடங்கும்வரைக்கும் பொறுத்து, பிறகு அடுத்த கம்பி. ஒரு பெண்குரல், வயது குறைந்த குரல், ஆனால் அவசரமில்லை. நல்ல பாட்டுத்தான் என்று நினைத்தேன், யார் பாடுகிறது என்று நளாவிடம் கேட்கவும் வாயெடுத்தேன், அதற்குள் அந்தக் குரல் மெயிலு என்று சொன்னது. மெயிலு வண்டி வருகுதாம், பூமலரு போகுறா. என் தோள் இரண்டும் தானாக ஏறிவிட்டது. அறிவுக்கு முதல் தோளுக்குத் தெரியும். எந்த ஊரில், எந்த வேகத்தில், எந்த வாத்தியத்தில் வந்தாலும் தோளுக்குத் தெரிந்துவிடும். இவ்வளவு மெதுவாக இதை யாரும் பாடி நான் கேட்டதில்லை, அதனால்தான் தோளும் கொஞ்சம் ஏமாந்துபோய்விட்டது.

அந்தப் பூமலர் நான்தான். என் பெயர் தவமலர், தவத்தை எடுத்துவிட்டுப் பூவைப் போட்டால் ஊருக்கு விளங்காது என்று அரி நினைத்திருக்கிறான். அரியரத்தினம், எங்கள் ஒழுங்கையில் கடைசி வீடு, தலைமயிரைக் காது மூட வளர்த்து, கிற்றாரைத் தோளில் கொழுவி, கூட நாலு பெடியங்களைச் சேர்த்துக்கொண்டு கல்யாண வீடுகளில் பொப் பாட்டுப் பாடித் திரிந்தவன். அவன் கொழும்புக்குப் போய் ஒரு இசைத்தட்டுப் போட்டான். ஒரு பக்கத்தில் என்ன பாட்டென்று இப்போது யாருக்கும் ஞாபகமில்லை. மறுபக்கத்தில் நான். மடி நிறையப் பணியாரம் மாப்பிள்ளைக்குக் கொண்டுபோறா. கொண்டுபோனேன்தான். சிவபாதம் என்று கொழும்பில் கிளார்க்காக இருந்தவருக்கு என்னைப் பேசியிருந்தது, மோதிரம் மாற்றவில்லை, ஆனால் வாய்ப்பேச்சு முடிந்து அவர் எனக்குக் கடிதமும் எழுதுவார், அன்புள்ள மலருக்கு என்று தொடங்கி மழையைப் பற்றி எழுதுவார். வெள்ளிக்கிழமை மெயிலில் வாறன் என்று எழுதியிருந்தார். நான் பயறு வறுத்து, இடித்து, பாகு காய்ச்சி, பயத்தம் பணியாரம் சுட்டு ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் அடுக்கிக்கொண்டு ஸ்டேசனுக்குப் போனேன், துணைக்கு றீற்றா வந்தாள், என் பள்ளிக்கூடச் சிநேகிதி. அவர் இறங்கினார். இறங்கித் திரும்பிக் கையை நீட்டினார், அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் இறங்கினாள், கழுத்தில் புதுத் தாலிக்கொடி, மஞ்சள் சரியாகக்கூடக் காயவில்லை. என்னைக் கண்டதும் அவர் பதறியிருந்தால்கூட எனக்கு ஏதோ மிஞ்சியிருக்கும். பதறவில்லை. "ஆ, மலர், எப்பிடி இருக்கிறீர்? இவ என்ர மிசிஸ்" என்றார். நான் நல்லா இருக்கிறன் என்று சொன்னேன். ரின்னை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, நல்லா இருக்கிறன் என்று. அந்த மேடையில் நின்ற அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பணியாரம் எங்கையடி என்று அம்மா கேட்டபோது, ஸ்டேசன் நாய்க்கு எறிஞ்சுபோட்டன் என்று சொன்னேன். மிடுக்காகத்தான் சொன்னேன். அந்த மிடுக்குத்தான் என்னைத் தின்றது. அம்மா அதைப் பெருமையாக அக்கம்பக்கத்தில் சொல்லியிருப்பா, நாய் பாட்டுக்குள் வந்துவிட்டது, மூன்றாம் சரணம் முழுக்க நாய்தான், ஆசைப்பட்ட பணியாரம் நாயின் வாய்க்குப் போச்சுதாம் என்று அரி நிறுத்த, கோஷ்டியில் ஒருவன் வள் வள் என்று குலைப்பான், சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். இசைத்தட்டில் அந்தக் குலைப்போடு பாட்டு முடியும். ரேடியோவில் வாரத்துக்கு ஒரு தரமாவது நேயர் விருப்பத்தில் வந்தது. என்ன நேயர்களோ. தபால் கந்தோரில் எனக்கு வேலை கிடைத்து நான் கவுண்டரில் முத்திரை விற்கத் தொடங்கியபோது, வரிசையில் நிற்கும் பெடியங்கள் முத்திரையை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போய்த்தான் குலைப்பார்கள், கொஞ்சம் மரியாதை இருந்தது. கோயில் திருவிழாவில் சாமி வீதி சுற்றி இருப்பிடத்துக்கு வந்த பிறகு நாதஸ்வரக்காரரிடம் இதை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள், அவரும் வாசித்தார், நாய்க்குத் தவில்காரர் ஒரு உருட்டு வைத்திருந்தார். பிறகு கொழும்புக்கு மாற்றலாகிப் போனேன், அங்கே ஒரு பஸ்ஸில் அதே மெட்டு, சிங்களத்தில், பக்கத்திலிருந்த கந்தோர் சிநேகிதி அர்த்தம் சொன்னாள், அதில் என் பெயர் சீலாவதி, மாப்பிள்ளை கைவிட ஸ்டேசன் மாஸ்டர் கட்டிக்கொள்கிறார், நல்ல மனிசர். ஊருக்குத் திரும்பி, சண்டையில் இடம்பெயர்ந்து பள்ளிக்கூடத்துக்குள் இருந்த காலத்தில் பிள்ளைகள் மெயிலை எடுத்துவிட்டு நிவாரண லொறியைப் போட்டுப் பாடினார்கள், லொறி வந்து நிண்டுதாம், மா முடிஞ்சு போச்சுதாம், அப்போது மட்டும் நானும் சிரித்தேன். நளாவின் மகன் அனுப்பிய பாட்டொன்றில் பாரிஸ் பெடியங்கள் பிரெஞ்சும் தமிழுமாக வேகமாகத் திட்டுகிறார்கள், அதில் பூமலர் மாப்பிள்ளையை உதைக்கிறாள். கல்யாண ஹோல்களில் குத்துச் சத்தத்தோடு வந்தது. போன வருஷம் எங்கள் ஒழுங்கைக்கு வருகிற ஐஸ்கிறீம் வான்கூட அதே மெட்டை மணியோசையில் அடித்துக்கொண்டு வந்தது, சொல் இல்லை, குரல் இல்லை, டிங் டிங், நான் அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன், நளா வெளியே ஓடிப்போய் அந்த வான்காரனை விரட்டினாள். இந்தப் பக்கம் வராதை எண்டு எத்தினை தரம் சொல்லுறது என்று அவள் கத்தியது எனக்குக் கேட்டது.

எப்போதும் அவள்தான். ரேடியோவில் தொடங்கினால் எந்த அறையில் இருந்தாலும் ஓடிவந்து முறுக்கி நிப்பாட்டுவாள், ஒருதரம் முறுக்கிய முறுக்கில் குமிழ் கையோடு வந்துவிட்டது. அவளுடைய சொந்தக் கல்யாணத்தில் பாட்டுக்கோஷ்டிக்காரர் தெரியாத்தனமாக இதைத் தொடங்கிவிட்டார்கள், பந்தலில் நான் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் நிற்கிறேன், எங்கே ஒளிக்கிறது என்று தெரியவில்லை, மணவறையில் இருந்த நளா, தலை நிமிராமல் இருக்கவேண்டிய கல்யாணப் பொம்பிளை, கையை நீட்டி நிப்பாட்டச் சொல்லிச் சைகை காட்டினாள், வளையல் அத்தனையும் குலுங்கியது. மாப்பிள்ளை வீட்டார் முகத்தைச் சுளித்தார்கள். அதற்குப் பிறகு நளா என்ன செய்திருந்தாலும் நான் மன்னித்திருப்பேன் என்று அன்றைக்கு நினைத்தேன். என்ன செய்திருந்தாலும். நினைப்பதற்கு என்ன, மனம் எதையும் நினைக்கும்.

இப்போதும் நிப்பாட்டச் சொல்கிறாள். "பிள்ளை, உந்தப் பாட்டைக் கொஞ்சம் நிப்பாட்டு பாப்பம்." அந்தப் பிள்ளை, "கொஞ்சம் பொறுங்கோ அன்ரி, இனித்தான் நல்ல இடம் வருது" என்கிறாள். மூன்றாம் சரணம் முடிகிறது. நாயின் வாய்க்குப் போச்சுதாம். நான் குலைப்புக்குக் காத்திருக்கிறேன், தோளும் காத்திருக்கிறது. குலைப்பு வரவில்லை. கிற்றார் மட்டும், ஒரு கம்பி, அது அடங்குகிறது, இன்னொரு கம்பி. முடிந்துவிட்டது என்று மூச்சை விட்டேன். விட்ட பிறகு அந்தப் பெண் பாடுகிறாள், பாட்டென்றும் சொல்ல முடியாது, காதுக்குள் சொல்வது போல.

நாயும் ஒண்டும் தின்னேல்லை
நாலு பேரும் பாக்கேல்லை
கிணத்தடி வாழைக்குக் கீழ
தானே திண்டாள் அழுதழுது

என் விரல் கணுவைத் தடவிய பெருவிரல் நின்றுவிட்டது.

கண்ணைத் திறக்கக் கூடாது. திறந்தாலும் என்ன தெரியப்போகிறது, மருந்து கலங்கிய வெளிச்சம். கிணத்தடி வாழைக்குக் கீழ. அந்த வாழையை யாருக்குத் தெரியும், அது எங்கள் வீட்டுப் பின்வளவில் நின்ற இதரை வாழை. அங்கே குந்தியிருந்து, மடியில் ரின்னை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக, பிறகு இரண்டிரண்டாக, பசியில்லாமல், ருசியில்லாமல், மூக்கும் வாயும் ஒன்றாக ஒழுக அத்தனை பணியாரத்தையும் நான் தின்றேன். ஒன்றும் மிஞ்சக்கூடாது, ஒன்று மிஞ்சினாலும் அது அவருக்குச் சுட்டதாக இருக்கும் என்று ஏதோ ஒரு விசர் எண்ணம். தண்ணி அள்ள வந்த நளா கண்டாள். பதினேழு வயதுப் பெட்டை. வாளியை வைத்துவிட்டு என் முதுகைத் தடவினாள், வாயைக் கழுவிவிட்டாள், அம்மாவுக்குச் சொல்லாதை என்றேன், ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் அக்கா, சத்தியம் என்றாள். தலையில் அடித்து அல்ல, என் தலையில் கை வைத்து. நானும் அவளும் வாழையும். வாழை பாட்டுக் கட்டாது.

றீற்றா. ஐயோ, றீற்றா. ஸ்டேசனில் என்னோடு நின்றது அவள் மட்டும்தான், சிவபாதம் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன் என்று கிட்ட நின்று கேட்டவள் அவள் மட்டும்தான், பாட்டு வந்தபோது அவளைத்தவிர வேறு யாரை நினைப்பேன். அவள் வீட்டுக்கு வந்தாள், நான் அறைக்குள் இருந்துகொண்டு இல்லை என்று சொல்லச் சொன்னேன். திரும்பவும் வந்தாள், வாசல் படலையடியில் நின்று, "மலர், மாதாவாணை நான் சொல்லேல்லையடி" என்று உரக்கச் சொன்னாள், ஒழுங்கைக்கே கேட்டது, நான் வெளியே வரவில்லை. நளாதான் படலைக்குப் போய் அவளைத் திருப்பி அனுப்பினாள். என்ன சொல்லி அனுப்பினாள்? அதை நான் கேட்டதே இல்லை. றீற்றா மன்னாரில் கலியாணம் கட்டினாள், அழைப்பு வந்தது, போகவில்லை, சண்டைக்காலத்தில் செத்துப்போனாள் என்று செய்தி வந்தது, அன்றைக்கும் நான் அழவில்லை, வாயைக் கட்டியிருந்தால் இப்படி வருமா என்று நினைத்தேன். செத்தவளைப் பற்றி அப்படி நினைத்தேன். நளா அன்றைக்கு என்னோடு இருந்து சோறு போட்டுத் தந்தாள்.

"நளா."

"ஓம் அக்கா."

"கிணத்தடியில நான் இருந்தது உனக்கு மட்டும்தான் தெரியும்."

பக்கத்தில் ஒரு கிழவர் இருமுகிறார். நேர்ஸ் யாரையோ கூப்பிடுகிறாள், என்னையல்ல.

"அரிக்கு நீயோ சொன்னனீ?"

"சொல்லேல்லை அக்கா." என்றாள் நளா. "பாடிக் காட்டினனான்."

எனக்கு விளங்கவில்லை. என்னத்தை என்று கேட்டேன். "உந்தப் பாட்டை. நான்தான் கட்டினனான். அண்டைக்கு உங்களுக்குப் பக்கத்தில படுத்துக் கிடக்கேக்க தானா வந்தது. எனக்கு அழுகையா வந்தது, அழுதா நீங்கள் எழும்பிடுவியள் எண்டு மனதுக்குள்ள பாடினனான். இப்ப இந்தப் பிள்ளை பாடுதே, இப்பிடித்தான், இதே இழுவையோட. ரைப்பிங் கிளாசுக்குப் போற வழியில அரியிட்டைப் பாடிக் காட்டினன், மெட்டுச் சரியோ எண்டு கேட்கத்தான். அவன் பேசாமல் கேட்டான். பிறகு பாத்தா ரேடியோவில வருகுது. பைலா அடியில, சனம் ஆடுற மாதிரி. நாயைக் குலைக்க வைச்சு. நாலாவதை வெட்டிப்போட்டு." கொஞ்சம் நிறுத்தினாள். நிறுத்தியிருந்தால் போதும், அதோடு நிறுத்தியிருக்கலாம். "என்ர பேரும் போடேல்லை அக்கா."

என்ர பேரும் போடேல்லை. இந்தச் சொல்லில் நான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன், சேலைத் தலைப்பு முள்ளில் மாட்டியது போல, இழுத்தால் கிழியும். ஐம்பது வருஷத்துக் காயம் அந்தக் குரலில் இருந்தது, எனக்கு அந்தக் காயம் நன்றாகத் தெரியும், ஆனால் அது என்னுடைய காயம் இல்லை, அவளுடையது. ரேடியோக் குமிழை முறுக்கி உடைத்தது எனக்காக இல்லை. மணவறையில் கையை நீட்டியது எனக்காக இல்லை. தன் பாட்டைக் கெடுத்துவிட்டார்கள் என்று. ஐஸ்கிறீம் வானை விரட்டியதும் அதுதானா, டிங் டிங் என்று அடித்ததைத் தாங்க முடியாமல்தானா. என் முதுகைத் தடவிய அந்தக் கை, தடவும்போதே சொல் தேடிக்கொண்டிருந்ததா, வாழைக்குக் கீழ என்றா, வாழையடியில் என்றா. இல்லை, அப்படி இருக்காது, பிள்ளை அவள், அழுதவள். அழுதாள்தான். அழுதுகொண்டே கட்டினாள். இரண்டும் உண்மையாக இருக்கலாம், எனக்கு எந்த உண்மை வேண்டும் என்று என்னைக் கேட்டால் நான் இரண்டையும் வேண்டாம் என்பேன். "றீற்றா எண்டு நான் நினைச்சுக்கொண்டிருந்தனான்" என்றேன். "தெரியும் அக்கா." "தெரிஞ்சும்?" அவள் என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள், பிறகு, எனக்குச் சொல்லவேண்டும் என்றில்லாமல், தாங்காமல் வெளியே வந்தது போல, "எவ்வளவு வடிவாப் பாடியிருக்குது பாத்தியளோ" என்றாள். அந்தக் குரலில் சந்தோசம் இருந்தது. கண் மூடியிருந்தால் குரலில் எதையும் ஒளிக்க முடியாது. என் தங்கச்சி எனக்குப் பக்கத்தில் இருந்து சந்தோசத்தில் அழுகிறாள்.

வலப்பக்கத்துப் பிள்ளை அதைக் கண்டுவிட்டாள். "அன்ரி, அழுறியளே? உதைக் கேட்டு எல்லாரும் அழுகினம்." கதைக்க ஆள் கிடைத்த உற்சாகம் அவளுக்கு. பாடினவ கனடாவிலயாம், ஆரணியாம் பேர், பழைய பொப் பாட்டுக்காரர் அரியரத்தினத்தின்ர பேத்தியாம், சின்ன வயசில அம்மப்பா அவவை நித்திரையாக்க இப்பிடித்தான் மெதுவாப் பாடுறவராம். "அவர் சாகேக்க ஒண்டு சொன்னவராம் அன்ரி. உது தன்ர பாட்டில்லை, ஊரில ஒரு பெட்டை பாடித் தந்தது, தான் பேர் போடாமல் எடுத்துப்போட்டன் எண்டு. இப்ப அந்தப் பெட்டையைத் தேடுகினமாம். இருந்தால் பேர் போடவேணுமாம். கீழ எத்தினை பேர் எழுதியிருக்கினம், ஒருத்தருக்கும் தெரியேல்லை." பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்த்திருக்கவேண்டும், நரைத்த தலைகளைப் பார்த்திருக்கவேண்டும். "அன்ரியவை அந்தக் காலத்து ஆக்கள்தானே. உங்களுக்கு ஆரெண்டு தெரியுமே?"

நளா வாய் திறக்கவில்லை. திறந்திருக்கலாம், நாக்கு நுனியில் ஐம்பது வருஷமாக இருந்த சொல், ஒரு மூச்சுப் போதும், நான்தான் பிள்ளை என்று. அவள் சொல்லவில்லை, என்னிடம் விட்டுவிட்டாள். அவள் கையில் அது தெரிந்தது, கை கேட்கிறது, அக்கா நீங்கள் சொல்லுங்கோ, நீங்கள் சொன்னால்தான் எனக்கு அது வரும். அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, இதைக் கேட்கிறாள். சொல்லிவிடலாம். அவளுக்கு எழுபது வயது, பிரஷர் இருக்கிறது, மகன் போன் எடுப்பதுகூடக் குறைவு, இந்த ஒன்று கிடைத்தால் அவள் மிச்ச நாளைத் தலை நிமிர்ந்து இருப்பாள். சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன், இப்போதும் அப்படித்தான் நம்புகிறேன்.

"ஓம், தெரியும்" என்றேன். "றீற்றா எண்டு ஒருத்தி. என்ர சிநேகிதி. செத்துப்போனாள்."

"அச்சோ" என்றது அந்தப் பிள்ளை. உண்மையாகவே கவலைப்பட்டது. "பொறுங்கோ அன்ரி, இதில எழுதிவிடுறன், அவை பாப்பினம். முழுப் பேர் என்ன?"

முழுப் பெயர் எனக்கு வரவில்லை. படலையில் நின்று அழுதவளின் தகப்பன் பெயர் எனக்கு வரவில்லை, எந்தப் பக்கத்தில் தேடினாலும் சிவபாதம், சீலாவதி, அரியரத்தினம் என்று வேண்டாத பெயர்களாக வருகின்றன. அந்தப் பிள்ளை போனில் தட்டக் காத்திருக்கிறது. நளா மறுத்துவிடுவாள் என்று நினைத்தேன். மறுக்கட்டும், கையை உதறட்டும், அக்கா பொய் சொல்லுறா பிள்ளை என்று இந்த ஹோலுக்கே கேட்கச் சொல்லட்டும், அப்படிச் செய்தாளானால் நான் அவளைப் பேசுவேன், அவளும் என்னைப் பேசுவாள், வீட்டுக்குப் போய் இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு அழுவோம்.

"றீற்றா மேரி யேசுதாசன்" என்றாள் நளா. ஒவ்வொரு சொல்லாக, பிழை வராமல். "யேசுதாசன் எண்டது தகப்பன்ர பேர். றீற்றாவுக்குப் பெரிய றானா போடுங்கோ பிள்ளை, அவள் அப்பிடித்தான் எழுதுறவள்."

தவமலர் அம்மா என்று நேர்ஸ் கூப்பிட்டாள். நான் எழும்பினேன். நளாவின் கை வழக்கம்போல என் முழங்கைக்குக் கீழே வந்தது, நான் அதைத் தள்ளவுமில்லை, பிடிக்கவுமில்லை, நடந்தேன். கதவடியில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். குனிய முடியாமல் நின்றேன். அவள் கீழே குந்தி, ஒவ்வொரு காலாகத் தூக்கி என் செருப்பைக் கழற்றித் தன் கையில் எடுத்துக்கொண்டாள். நான் வெறுங்காலோடு உள்ளே போனேன்.